எழுதாமல் விட்ட ஒரு வரி

கீழச்சிவல்பட்டி
12.2.2024

அன்புத் தங்கை அனுசுயாவுக்கு அண்ணன் அழகுராஜா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌகரியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நான் மாப்பிள்ளைப் பேச்சை எடுக்கிறேன், நான்காவது நிமிடம் நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கிழிக்கத்தான் முடியும், வைக்க முடியாது. அதனால்தான் காகிதம்.

பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. காரைக்குடிப் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் மூலமாக ஒரு ஹோட்டலுக்கு நாற்பத்திரண்டு கதவு. எல்லாம் பர்மா தேக்கு. ஆனால் ஒவ்வொன்றிலும் ஐந்தாறு தடவை எனாமல் பெயின்ட் பூசி வைத்திருக்கிறார்கள். பச்சைக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் காப்பிக்கலர். காஸ்டிக் சோடா போட்டால் பெயின்ட் போகிறது, தேக்கும் கறுத்துப் போகிறது. நெருப்பு காட்டினால் சித்திர வேலை கருகுகிறது. இந்த நிலையில் ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு டப்பா கொடுத்தார். பூசிப் பத்து நிமிடத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. தகட்டை வைத்துத் தள்ளினால் மொத்தமும் வழித்துக்கொண்டு வருகிறது. மரத்துக்கு ஒரு கீறல் இல்லை.

டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருக்கிறது. உன் கம்பெனியில் செய்வது இதுதானே? இது என்ன ஜாதி சரக்கு, எப்படி நடந்துகொள்ளும் என்று விவரமாக எழுது. முத்தப்பன்தான் உன்னிடம் கேட்கச் சொன்னான். பத்தொன்பது வருஷமாக என் பட்டறையில் இருக்கிறவன், உன்னைப் பத்தாம் வகுப்பு டியூஷனுக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவன், அந்த உரிமையில் கேட்கிறான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் மாலை போட்டு, இனிக் குடிப்பதில்லை என்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். மாலையைக் கழற்றவும் இல்லை, குடிக்கவும் இல்லை. அவன் மனைவி கருப்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போகிற வருகிற எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுக்கிறாள்.

சிங்கம்புணரியில் ஒரு பையன் இருக்கிறான், பேங்கில் வேலை. சும்மா சொல்லி வைத்தேன்.

அண்ணன்
அழகுராஜா


தஹேஜ், குஜராத்
22.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கடைசி வரியைத் தவிர மற்றதையெல்லாம் இரண்டு தடவை படித்தேன்.

நீங்கள் கேட்ட சரக்கு எங்கள் பிளான்ட்டில் செய்வதுதான். மெத்தனாலும் குளோரினும் சேர்த்து இந்த வகையில் சிலவற்றைத் தயாரிக்கிறோம், அதில் இது ஒன்று. பார்க்கத் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். முகர்ந்தால் லேசாக இனிக்கும். தண்ணீரைவிடக் கனம் அதிகம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்றால் இது ஒன்றே கால் கிலோவுக்கும் மேல். தண்ணீரோடு ஊற்றினால் அடியில் போய் உட்காரும். லேசில் தீப்பிடிக்காது. எண்ணெய், மெழுகு, பெயின்ட், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் இளக்கிவிடும். மரத்தை மட்டும் ஒன்றும் செய்யாது, அதனால்தான் உங்கள் தேக்கு தப்பித்தது.

இதில் பாதி மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. மெத்தைக்கான பஞ்சுரப்பர் செய்யவும் வாங்குவார்கள். ஒரு காலத்தில் காப்பிக்கொட்டையிலிருந்து காஃபினை மட்டும் பிரித்தெடுக்கக்கூட இதைப் பயன்படுத்தினார்கள். இது அண்ணிக்குச் சொல்லக் கூடாத செய்தி.

முக்கியமான விஷயம், நாற்பது டிகிரியில் இது கொதித்துவிடும். உங்கள் ஊர் சித்திரை வெயிலே நாற்பது. டப்பாவைத் திறந்து வெயிலில் வைத்தால் பாதி பறந்துபோகும். அதனால் குளுமையான இடம் பார்த்து வேலை செய்யுங்கள். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாதாரண ரப்பர் கையுறையை இது ஊடுருவிவிடும்.

இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது. டேங்கர் வந்து நிற்கிறது, சாம்பிள் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். மீதி அடுத்த கடிதத்தில். முத்தப்பன் அண்ணனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். மாலைக்காகத்தான், பெயின்ட்டுக்காக இல்லை.

தங்கை
அனுசுயா


கீழச்சிவல்பட்டி
6.5.2024

அன்புத் தங்கை அனுசுயாவுக்கு,

மீதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்றாய். இரண்டரை மாதம் ஆகிறது. குஜராத்தில் அடுத்த கடிதம் என்றால் அடுத்த வருஷம் போலிருக்கிறது. போகட்டும், நீ எழுதினதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

குளுமையான இடம் என்று சொன்னாய் அல்லவா, அதைத் தேடிக் கண்டுபிடித்தது முத்தப்பன்தான். பட்டறைக்காக நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் செட்டியார் வீட்டுப் பின்கட்டில், தரைக்குக் கீழே மழைத்தண்ணீர்த் தொட்டி ஒன்று இருப்பது உனக்கு நினைவிருக்கும். பதினோரு படி இறங்க வேண்டும். தண்ணீர் நின்று பல வருஷமாகிறது. சுண்ணாம்புக்காரை பூசிய சுவர், வெளியே கத்திரி வெயில் கொளுத்தும்போதும் உள்ளே சிலுசிலுவென்று இருக்கிறது. கதவை உள்ளே இறக்கிச் செங்கல் மேல் படுக்கப் போட்டு, அங்கேயே பூசி அங்கேயே வழிக்கிறான். வெளியே வைத்து வேலை செய்தபோது ஒரே நாளில் தீர்ந்த டப்பா இப்போது மூன்று நாள் வருகிறது. நேற்றிலிருந்து தொட்டிக்கு மேலே தார்ப்பாயும் போட்டு மூடிவிட்டோம், வெயில் துளிகூட இறங்கவில்லை. படித்த தங்கை இருந்தால் எவ்வளவு லாபம் என்று ஹார்டுவேர் கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு வேடிக்கை. முத்தப்பன் தொட்டியை விட்டு மேலே வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு வருகிறான். நடை தள்ளாடுகிறது, பேச்சுக் குழறுகிறது. தலையை வலிக்கிறது என்று டீ கேட்கிறான். காற்றாட அரை மணி உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. நாங்கள் எல்லோரும் அவனை ஓட்டுகிறோம். கருப்பி வந்து நேராகவே கேட்டுவிட்டாள், "கழுத்துல மாலையைப் போட்டுக்கிட்டே ஊத்திக்கிட்டு வாரீகளா?" என்று. அவன் முருகன் மேல் ஆணையிட்டான். எனக்கும் சந்தேகம்தான். வாயை முகர்ந்து பார்த்தேன், வாடை ஒன்றும் இல்லை. எங்கே ஒளித்து வைத்துக் குடிக்கிறான் என்று தெரியவில்லை.

சிங்கம்புணரிப் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இனிமேல் நீ நிம்மதியாகக் கடிதம் எழுதலாம்.

அண்ணன்
அழகுராஜா


தஹேஜ்
14.5.2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மதியம் கையில் கிடைத்தது. லேபில் நின்றபடியே படித்தேன். போனை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது இங்கே விதி. ஓடிப்போய் வாங்கிக் கூப்பிட்டேன். அண்ணி எடுத்தார்கள். முத்தப்பன் அண்ணன் வியாழக்கிழமையே போய்விட்டார் என்றார்கள். நான் இன்னும் கேட்பதற்குள் நீங்கள் போனை வாங்கி "ஹார்ட்டுன்னு டாக்டர் எழுதிட்டாரு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். பிறகு ஒன்பது தடவை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்த அண்ணியிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். அந்தத் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. சொன்னார்களா?

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. அவர் தொட்டிக்குள் கிடந்தாரா? தார்ப்பாய் மூடியிருந்ததா?

அனுசுயா


கீழச்சிவல்பட்டி
21.5.2024

அனுசுயாவுக்கு,

கேட்டதற்குப் பதில். தொட்டிக்குள்தான் கிடந்தான். தார்ப்பாய் மூடித்தான் இருந்தது.

அன்று காலை பதினோரு மணிக்குக் கதவு ஏற்ற வண்டி வந்தது, நான் முன்கட்டுக்குப் போனேன். ஏற்றிவிட்டு வர ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கூப்பிட்டால் சத்தம் இல்லை. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். கதவு மேல் தலையை வைத்துப் படுத்திருந்தான், கையில் தகடு இருந்தது. தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன். இறங்கினேன், நாலு படியிலேயே எனக்குத் தலை சுற்றியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்க் கயிறு கட்டினேன். மேலே இருந்தவர்கள் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் போயிருந்தது. நாற்பத்தேழு வயசு, கடின வேலை, ஹார்ட்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அறுத்துப் பார்க்கவில்லை.

ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள். குடித்துவிட்டு இறங்கி மூச்சுத் திணறிச் செத்தான் என்கிறார்கள். ஒரு மாதமாக அவன் தள்ளாடி நடந்ததைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. கருப்பியும் அதைத்தான் நம்புகிறாள். எடுக்கும் முன் அவளே வந்து அவன் கழுத்து மாலையைக் கழற்றினாள். "வாக்கு மாறுன கழுத்துல இது கெடக்க வேணாம்" என்றாள். அழவில்லை. மாலையை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். அவர்கள் மகள் சிந்து பிளஸ் ஒன் போகிறவள், அந்த ஆணி இருக்கிற பக்கமே போவதில்லை.

தொட்டியில் இப்போது யாரும் இறங்குவதில்லை. நீ இதைப் பற்றி மேலும் எழுத வேண்டாம்.

அழகுராஜா


தஹேஜ்
29.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். மூன்று மாதத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டியது, எழுதுகிறேன்.

மெத்திலீன் குளோரைடின் ஆவி, காற்றைப் போல் மூன்று மடங்கு கனம். மேலே போகாது, கீழே இறங்கும். கிணறு, குழி, தொட்டி எதுவானாலும் தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. வெளியேற வழியில்லாமல் மூடினால் அளவு ஏறிக்கொண்டே போகும். டப்பா மூன்று நாள் வந்தது என்றீர்கள். பறந்துபோக வேண்டியது பறக்காமல் முத்தப்பன் அண்ணனோடு தொட்டிக்குள்ளேயே இருந்தது.

இதைச் சுவாசித்தால் முதலில் மயக்கமான ஒரு சந்தோஷம் வரும். நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், தலை வலிக்கும். குடித்தவனுக்கும் இதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் கிடையாது, வாயில் வாடை இருக்காது என்பதைத் தவிர. உடம்புக்குள் போனதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். அடுப்புக் கரியைப் பூட்டிய அறையில் எரித்தால் ஆளைக் கொல்லுகிற அதே வாயு. அளவு அதிகமானால் மூச்சு நின்றுவிடும். நான் அவரைப் பார்க்கவில்லை, ரத்தத்தைச் சோதிக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய ஒவ்வொரு அடையாளமும் இதற்குத்தான் பொருந்துகிறது.

அவர் குடிக்கவில்லை, அண்ணா.

பிப்ரவரியில் உங்களுக்கு எழுதியதை எடுத்துப் பார்த்தேன். காப்பிக்கொட்டையைப் பற்றி எழுதியிருக்கிறேன். மெத்தையைப் பற்றி எழுதியிருக்கிறேன். குளுமையான இடம் பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். ஆவி பள்ளத்தில் தங்கும் என்ற ஒரு வரி இல்லை. இங்கே முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் சொல்லித்தருவது அதுதான். எங்களுக்குப் பழகிப்போன விஷயம், அதனால் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். டேங்கரில் சாம்பிள் எடுத்தேன், சாப்பிடப் போனேன், மறந்தேன். தூக்கம் வருவதில்லை.

கருப்பியிடம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும். தங்கச்சி எழுதாமல் விட்டாள், அதனால் நடந்தது என்று சொல்லுங்கள். பழி முழுவதையும் என் மேல் போட்டாலும் சரி. அவர் வாக்கு மாறவில்லை என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

தங்கை
அனுசுயா


கீழச்சிவல்பட்டி
6.6.2024

அனுசுயாவுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீ அங்குட்டு உட்கார்ந்து விஞ்ஞானம் எழுதலாம். இங்கே இருக்கிறவனுக்குத்தான் தெரியும். நாற்பத்திரண்டில் முப்பத்தொரு கதவு முடிந்திருக்கிறது. பதினோரு பேர் என் கையை நம்பிச் சாப்பிடுகிறார்கள். இதைச் சொன்னால் போலீஸ் வரும், பட்டறையைப் பூட்டுவார்கள். நீ எழுதித்தான் செய்தேன் என்றால் உன்னையும் கூப்பிடுவார்கள், உன் வேலை போகும். போனவன் எழுந்து வரப்போவதில்லை. கருப்பி மெதுவாகத் தேறி வருகிறாள், அதை ஏன் கிளற வேண்டும்?

இதெல்லாம் ஒரு பக்கம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவன் தலையை வலிக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் நான் சிரித்தேன். டீயைக் குடித்துவிட்டு இறங்குடா என்று நானே அனுப்பினேன். தார்ப்பாய் போடச் சொன்னதும் நான்தான். இதைச் சொல்லிவிட்டு அந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன்? கருப்பி முகத்தில் எப்படி விழிப்பேன்? எனக்குப் பயமாக இருக்கிறது.

இத்தோடு விடு. இந்த வருஷம் ஊருக்கும் வர வேண்டாம்.

அழகுராஜா


தஹேஜ்
13.6.2024

அண்ணனுக்கு,

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சரக்கு வெளியே போனாலும் அதில் ஒரு சிறு பாட்டில் எடுத்து, தேதி எழுதி, ஆறு மாதம் அலமாரியில் பத்திரமாக வைத்திருப்போம். வாங்கியவர் பின்னால் குறை சொன்னால் எடுத்துப் பார்க்க. அந்தப் பழக்கத்தில் நான் எழுதும் கடிதங்களுக்கும் நகல் எடுத்து வைக்கிறேன். நீங்கள் அடுப்பில் போட்டது ஒன்றைத்தான்.

அந்த நகலை இன்று காலை கருப்பிக்கு அனுப்பிவிட்டேன். பிப்ரவரியில் எழுதிய கடிதத்தின் நகலும் அதோடு இருக்கிறது, என்ன விட்டுப்போனது என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். சிந்து படித்துக் காட்டுவாள். உங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

அதைச் சாதாரணத் தபாலில் போட்டேன். உங்களுக்கு இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். நான்கைந்து நாள் உங்களுக்கு முன்னால் இருக்கிறது. தபால்காரர் போகும் முன் நீங்கள் போனால் நல்லது. உங்கள் வாயால் கேட்பதும் கவரைப் பிரித்துத் தெரிந்துகொள்வதும் அவர்களுக்கு ஒன்றாக இருக்காது.

போலீஸ் கூப்பிட்டால் வருவேன். என் மேனேஜரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்களுக்குக் கோபம் வரும். பயமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதிய அந்த இடத்தில் நான் அழுதேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

தங்கை
அனுசுயா


கீழச்சிவல்பட்டி
21.6.2024

அனுசுயாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை சாயங்காலம் கருப்பி வீட்டுக்குப் போனேன். உன் அண்ணியும் கூட வந்தாள்.

உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குளுமையான இடம் தேடியது, தார்ப்பாய் போடச் சொன்னது, தலைவலிக்குச் சிரித்தது. நீ எழுதாமல் விட்டதையும் சொன்னேன். பழியை உன் மேல் போடச் சொல்லியிருந்தாய். பாதியைத்தான் போட முடிந்தது.

கருப்பி ஒன்றுதான் கேட்டாள். "அப்ப அவுக குடிக்கவே இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் சொன்னேன். பிறகு சொன்னாள், "இது தெரிஞ்சிருந்தா அந்தப் புதன்கிழமை அவுகளுக்குச் சோறு போட்டிருப்பேனே."

சாவுக்கு முந்தின நாள் ராத்திரி அவனைப் பட்டினி போட்டிருக்கிறாள். குடிக்கவில்லை என்று அவன் சொல்லச் சொல்ல, பானையை மூடி வைத்திருக்கிறாள். அவன் சண்டை போடாமல் படுத்துவிட்டானாம். காலையிலும் ஒன்றும் சாப்பிடாமல்தான் வேலைக்கு வந்திருக்கிறான். எனக்கு அது தெரியாது. அன்றும் டீதான் வாங்கிக் கொடுத்தேன்.

சிந்து எழுந்துபோய் ஆணியிலிருந்து மாலையை எடுத்தாள். அப்போதுதான் கருப்பி அழுதாள். சாவு அன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். நாங்கள் திரும்பும்போது எங்களைப் பார்க்கவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. நேற்று அம்மாவும் மகளும் குன்றக்குடிக்குப் போய் மாலையை மலையில் வைத்துவிட்டு வந்தார்களாம். உன் கவர் இன்றுதான் வந்தது. தபால்காரரை நிறுத்தி வைத்து, தெருவில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சிந்து சத்தமாகப் படித்தாள். நான் டீக்கடையில் நின்று கேட்டேன். யாரும் என்னிடம் பேசவில்லை.

கருப்பியின் தம்பி ஸ்டேஷனுக்குப் போகலாம் என்கிறான். போனால் நான் வருவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஹோட்டல்காரரிடம் மீதி பதினோரு கதவை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தொட்டியில் மண் போட ஆள் விட்டிருக்கிறேன்.

உன்னோடு பேச எனக்கு இன்னும் மனசு வரவில்லை. நீ செய்தது சரிதான், தெரிகிறது. ஆனாலும் வரவில்லை. செய்தி எதுவும் கேட்டு எழுதாதே, நானும் எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் செய். இதே டப்பாவை வைத்து இந்த வட்டாரத்தில் இன்னும் ஆறேழு பட்டறைகளில் வேலை நடக்கிறது. அந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில், உன் கையால் எழுதி அனுப்பு. நகல் எடுத்து எல்லாப் பட்டறையிலும் நானே போய் ஒட்டுகிறேன். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அழகுராஜா


தஹேஜ்
29.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தச் சரக்கின் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கி நிற்கும், ஆளைக் கொல்லும். குழிக்குள்ளோ தொட்டிக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ இந்த டப்பாவைத் திறக்காதீர்கள்.

தங்கை
அனுசுயா